மூன்று டம்ளர் முள்சீத்தா

இரண்டு புள்ளிகளும் ஒட்டிக்கொண்டுவிட்டன. விரல் நீளமுள்ள வெள்ளைத் தகடு, அடியில் பென்சிலால் கிழித்த ஒரு கோடு, கோட்டின் மேல் கடுகளவு இடைவெளி விட்டு இரண்டு புள்ளி, அவ்வளவுதான் வேலை. முடிபோல் மெலிந்த கண்ணாடிக் குழலைச் சாற்றில் தொட வேண்டும், தகட்டில் தொட வேண்டும், எடுத்துவிட வேண்டும். பிறகு தகட்டைக் கரைப்பானில் நிறுத்தினால் புள்ளி மெல்ல மேலே ஏறித் தனக்குள் என்னென்ன இருக்கிறது என்பதைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டிவிடும். எமல்டா இதைப் படிக்கிற காலத்திலிருந்து செய்கிறாள். தூக்கத்தில் எழுப்பிச் செய்யச் சொன்னாலும் செய்வாள். செய்யத் தெரியாமல் சாற்றைப் பரப்பி வைக்கிற கல்லூரிப் பிள்ளைகளிடம், "புள்ளி வைக்கச் சொன்னா பொட்டு வைக்க, இங்க என்ன கல்யாணமா நடக்கு" என்று கேலி செய்வாள். இன்று அவள் வைத்ததே பொட்டாகத்தான் விழுந்திருக்கிறது. ஒன்று பெரிதாகி நகர்ந்துபோய் இன்னொன்றின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. குழலின் நுனி உடைந்திருக்குமோ? எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். உடையவில்லை. சாறு நீர்த்துவிட்டதா? இல்லையே, பாகு மாதிரி நன்றாகத்தான் இருக்கிறது. இன்னொரு தகடு எடுத்து வைத்துப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். எடுக்கவில்லை. தெரிந்துவிடும் என்பதுதான் பிரச்சினை. காலையில் இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை, மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை, வெறும் வயிற்றில் யாருக்குத்தான் கை நடுங்காது? நடுங்கியதா? கை நடுங்கியது என்று யார் சொன்னது? அவளேதான் இப்போது சொல்லிக்கொண்டாள். அந்தச் சொல்லை மனசுக்குள் விட்டிருக்கக் கூடாது, விட்டாயிற்று. இனி அது கிளம்புகிற ஜாதி இல்லை.

எழுந்து வெளியே போய்க் காற்று வாங்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. எதிரே தாங்கியில் கை நீளக் கண்ணாடிக் குழாய் நிற்கிறது. அதற்குள் சிலிக்காப் பொடி, பொடியின் தலையில் முள்சீத்தா இலைச் சாறு, அதற்கு மேல் கரைப்பான். கரைப்பான் சாற்றை நனைத்துக்கொண்டு கீழே இறங்க, அடியில் சொட்டுச் சொட்டாகச் சோதனைக் குழாயில் விழும். ஒவ்வொரு குழாயாக மாற்ற வேண்டும். மேலே கரைப்பான் குறையக் குறைய ஊற்ற வேண்டும். ஊற்ற மறந்து பொடி காய்ந்துவிட்டால் உள்ளே காற்று புகுந்து வெடிப்பு விட்டுவிடும், ஒரு வாரத்து உழைப்பு பாழ். அதனால் இதை ஆரம்பித்தவர் முடியும்வரை ஸ்டூலை விட்டு அசைய முடியாது. கைக்குழந்தைக்காரியாவது குழந்தை தூங்கினால் எழுந்து போகலாம். சனிக்கிழமை மதியம், பாளையங்கோட்டை வெயில், கல்லூரியில் ஈ காக்கை இல்லை, பொடி பறக்கும் என்று மின்விசிறியும் போடவில்லை. எத்தில் அசிட்டேட் வாசனை அறை முழுக்க நிற்கிறது. பிள்ளைகள் இதை நகப்பூச்சு வாசனை என்பார்கள், அது சரிதான், நகப்பூச்சில் இருப்பதும் இதுதான். அவளுக்கு இது ரோஸ்மேரி சித்தி வாசனை. கீமோ ஏற்றி ஏற்றி சித்தியின் நகமெல்லாம் கறுத்துப்போனபோது சித்தி சிவப்பு நகப்பூச்சு வாங்கிவரச் சொன்னாள். வாழ்நாளில் பூசாதவள். சபையில் யாராவது பூசியிருந்தால் ஜாடை பேசுகிறவள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, "பூசுட்டி, கர்த்தர் நகத்தப் பாத்தா பயந்துருவார்" என்று சிரித்தாள். எமல்டாதான் பூசிவிட்டாள். பத்து விரலுக்கும். கை கொஞ்சமும் அசையவில்லை அன்றைக்கு, ஓரத்தில்கூடப் படாமல் பூசினாள், சித்தி கையைத் தூக்கிப் பார்த்து, "இவ கை சாமான்யக் கையில்ல" என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் காட்டினாள். அந்த நகத்தோடுதான் பெட்டியில் வைத்தார்கள். அதற்கு முந்தின வருஷம் அம்மா. அம்மாவுக்கு மார்பில், சித்திக்குக் கர்ப்பப்பைக்குப் பக்கத்தில். ஆச்சியின் அக்கா ஒருத்தியும் அப்படித்தான் போனாளாம், அந்தக் காலத்தில் யார் பெயர் வைத்துச் சொன்னார்கள், வயிற்று நோவு என்றார்கள். டாக்டரம்மா ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடலாம் என்றாள். குடும்பத்தில் ஓடுகிறதா, உன்னிடம் வந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார்களாம். எமல்டா அடுத்த வாரம் வருகிறேன் என்றாள். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை.

சொட்டு. சொட்டு. சோதனைக் குழாயை மாற்றினாள். மாற்றும்போது கண்ணாடியும் கண்ணாடியும் இடித்துச் சின்னச் சத்தம் கேட்டது. எப்போதும் கேட்கிற சத்தம்தானே அது? எப்போதும் கேட்குமா? சீத்தா, ராமசீத்தா, முள்சீத்தா எல்லாம் ஒரே பேரினம், அனோனா என்று பெயர், வெப்பநாட்டு மரங்கள். இவற்றை வைத்துப் பிழைக்கிற ஆய்வாளர்களின் எண்ணிக்கை மரங்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது, அவர்களில் எமல்டாவும் ஒருத்தி. எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும், கிருமியைக் கொல்லும், வீக்கத்தை வற்றவைக்கும், சர்க்கரையைக் குறைக்கும், புற்றை ஒடுக்கும் என்று கல்யாணப் பத்திரிகையில் வாழ்த்துகிற பெரியோர் பெயர் மாதிரி வரிசையாக வரும். எந்தச் செடியை அரைத்துப் போட்டாலும் ஏதாவது ஒன்று வந்துதான் தீரும். தட்டில் வளர்கிற புற்றுச் செல்லைக் கொல்வதற்கு மருந்து எதற்கு, சோப்புத் தண்ணீர் ஊற்றினாலும் சாகும். இதை எமல்டா வகுப்பில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறாள். ஆனால் முள்சீத்தா சும்மா இல்லை. அதில் அசிட்டோஜெனின் என்கிற வகைப் பொருட்கள் இருக்கின்றன, நீளமான வால் வைத்த மெழுகு மாதிரியான மூலக்கூறுகள், அவற்றில் அனோனாசின் பெரிய கை. உயிரணுவுக்குள் எரிகிற சின்னஞ்சிறு அடுப்பை அது போய் அணைத்துவிடும். புற்றுச் செல்லுக்கு எந்நேரமும் பசி, அடுப்பு அணைந்தால் முதலில் சாவது அதுதான். வெளியூர் ஆய்வகத்துக்குச் சாற்றை அனுப்பிச் சோதித்துப் படம் வாங்கினாள். முதல் படத்தில் செல்கள் கல்பாவிய தரைபோல ஒட்டி ஒட்டிக் கிடந்தன. அடுத்த படத்தில் உருண்டு, சுருங்கி, மிதந்தன. வழிகாட்டிப் பேராசிரியர் சந்தோஷப்பட்டார். எமல்டா முதல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் செல் எங்கோ ஒரு தேசத்தில் எப்போதோ செத்துப்போன ஒருத்தியின் மார்பிலிருந்து எடுத்தது. அவள் மண்ணாகி வருஷங்கள் ஓடிவிட்டன, அவளைக் கொன்றது மட்டும் இன்னும் ஊர் ஊராக, தட்டுத் தட்டாக, தின்றுகொண்டு உயிரோடு இருக்கிறது. அப்படியானால் அம்மாவைக் கொன்றது எங்கே இருக்கிறது? அடக்கக் குழியில் அம்மாவோடு போயிற்றா, அல்லது போகிறபோது தன் பங்கை இங்கே விட்டுவிட்டுப் போயிற்றா? குளிக்கிறபோது எமல்டா சோப்புக் கையோடு தேடாத நாள் கிடையாது. ஒன்றும் தட்டுப்படாத நாளில்கூட, இன்றைக்குச் சரியாகத் தேடவில்லை என்றுதான் தோன்றும்.

அதனால்தான் மரம் வைத்தாள். கொல்லையில், தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில், நர்சரியிலிருந்து வாங்கி வந்த கன்று. வகுப்பில் சிரித்த வாய் வீட்டில் மூடிக்கொண்டது. படிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், பயம் வேறு பக்கம் இருந்து நடத்துகிறது, இரண்டும் ஒரே மண்டைக்குள் குடியிருந்தாலும் பேச்சுவார்த்தை கிடையாது. கன்று தளிர்த்துத் தழைத்தது. இலையைக் கிள்ளி, கழுவி, கொதிக்கவைத்து, வடிகட்டி, காலைக் குடும்ப ஜெபத்துக்கு முன்னாலேயே மூன்று டம்ளரில் ஊற்றி ஜன்னல் கட்டையில் ஆற வைத்துவிடுவாள். அவளுக்கு ஒன்று, கணவர் தனசிங்குக்கு ஒன்று, மகள் ஜெமிமாவுக்கு ஒன்று. வேதபாடம் வாசிப்பார்கள், பாட்டுப் படிப்பார்கள், எமல்டா நீளமாக ஜெபிப்பாள், ஆமென் சொன்ன கையோடு டம்ளர். தனசிங் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், எதையும் இரண்டு தரம் யோசித்துச் செய்கிற மனுஷன், அவரும் மறுவார்த்தை பேசாமல் குடித்தார். அவருக்கு எதற்கு என்று அவள் யோசித்ததே இல்லை. வீட்டில் எல்லாரும் குடித்தால்தான் பிள்ளை குடிக்கும். பிள்ளைதான் முக்கியம். அம்மாவின் மூக்கு, அம்மாவின் காது மடல், சிரித்தால் அம்மாவின் கன்னக்குழி எல்லாம் ஜெமியிடம் வந்திருக்கிறது. பார்க்கிற சொந்தக்காரர்கள் எல்லாம், "அப்படியே ஒங்க அம்மை" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். எமல்டா பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். மூக்கும் காதும் வந்த வழியில் வேறு எதுவும் வராது என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? இரண்டாம் வகுப்பிலிருந்து ஜெமிக்கும் ஒரு டம்ளர். முதல் நாள் ஓங்கரித்தாள். எமல்டா கெஞ்சினாள், மிரட்டினாள், கடைசியில் அழுதுவிட்டாள். அழுததும் பிள்ளை பயந்துபோய்ச் சரி என்றது. இப்போது ஒன்பதாம் வகுப்பு.

அந்தத் தீவை மட்டும் நினைக்காமல் இருந்துவிட்டால் போதும். கரீபியக் கடலில் கிடக்கிற தீவு, இந்தப் பக்கம் யாருக்கும் அது பற்றி அக்கறை இல்லை. அங்கேயும் முள்சீத்தா உண்டு, பழம் தின்பார்கள், இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். அந்த ஊரில் இருக்க வேண்டியதைவிட அதிகம் பேருக்குக் கை நடுங்கியது. கால் இழுத்தது, கண் ஒரே இடத்தில் நின்றது, நடக்கும்போது மரம் சாய்வதுபோல் விழுந்தார்கள். வழக்கமான நடுக்குவாத மாத்திரைக்குக் கேட்கவில்லை. டாக்டர்கள் போய் விசாரித்தார்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்கள். அடுப்பை அணைக்கிற பொருளுக்குப் புற்றின் அடுப்பு எது, மூளையின் அடுப்பு எது என்று தெரியாது. மூளைக்கும் எந்நேரமும் பசிதான். அது முடிவான ஆதாரம் இல்லை என்பவர்களும் இருக்கிறார்கள். இதையெல்லாம் எமல்டா ஏதோ நேற்றுத் தெரிந்துகொண்டவள் இல்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டிலேயே எழுதியிருக்கிறாள். பக்கம் பக்கமாக முள்சீத்தாவின் புகழ் பாடிவிட்டுக் கடைசியில் ஆயினும் என்று ஆரம்பித்து ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம். அந்த ஆயினுமை எழுதிய கையால்தான் காலையில் டம்ளரை நீட்டினாள். அப்போதெல்லாம் பதில் தயாராக இருந்தது. அவர்கள் பழத்தையும் சேர்த்துத் தின்றார்கள், நாம் இலைத் தண்ணீர் மட்டும்தானே. அவர்கள் ஆயுசு முழுக்கக் குடித்தார்கள், நாம் இப்போதுதானே. சோதனையில் மூளை கெட்ட எலிக்கு ரத்தக் குழாயில் ஏற்றினார்கள், நாம் வாயால்தானே. இந்தத் தானேக்கள் இவ்வளவு நாள் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நின்றன. இன்றைக்கு ஒரு புள்ளி நகர்ந்ததும் எல்லாம் சேர்ந்து மளமளவென்று சரிகின்றன. ஒரு சாவுக்குப் பயந்து ஓடிப்போய் இன்னொன்றின் வீட்டுக் கதவையா தட்டினேன்? தட்டினது மட்டுமா, பிள்ளையையும் கூட்டிக்கொண்டல்லவா போனேன்.

கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அசையவில்லை. நடுக்குவாதம் என்றால் சும்மா இருக்கிற கைதான் நடுங்கும் என்பார்கள், இது நடுங்கவில்லை, அப்படியென்றால் இது அது இல்லை. ஆனால் அந்தத் தீவுக்காரர்களுக்கு வந்தது வழக்கமான வகை இல்லையே. பார்த்துக்கொண்டிருப்பதால் நடுங்காமல் இருக்கிறதோ? ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கடைக்கண்ணால் சட்டென்று மடியைப் பார்த்தாள். திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்கிற மாதிரி. சுண்டுவிரல் அசைந்ததா? சேலையின் நிழலா? அதற்குள் சோதனைக் குழாய் நிரம்பி விளிம்பில் நின்றது, பதறி மாற்றினாள், இந்த முறை கண்ணாடி நன்றாகவே இடித்தது. பதற்றத்தில் இடித்தது. பதற்றம் நடுக்கத்தால் வந்தது. நடுக்கம் பதற்றத்தால் வந்தது. செக்கு மாடுகூடச் சாயங்காலம் அவிழ்த்துவிட்டால் நிற்கும், இந்த நினைப்பை யார் அவிழ்த்துவிடுவது? சித்தி சிரிக்கிறாள். இவ கை சாமான்யக் கையில்ல. வாசனை மூக்கில் ஏறி நெற்றிக்குள் போய் உட்கார்ந்தது. மேலே கரைப்பானை ஊற்றினாள், கொஞ்சம் தாங்கியில் சிந்தியது. அம்மா எப்போதுமே அதிகம் பேசமாட்டாள், கட்டிலில் இருந்த கடைசி நாட்களில்கூட இவள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்போதும் அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்று பார்க்கிறாள் என்று தோன்றியது. திரும்பிப் பார்த்தால் அமிலப் புட்டிகள்.

என் கை போனால் போகட்டும் என்று நினைத்தாள். நினைத்ததும் அதில் ஒரு நிம்மதி இருந்தது, தண்டனையைத் தானே எழுதிக்கொள்கிறவருக்குக் கிடைக்கிற நிம்மதி. ஆனால் அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. ஜெமி. முந்தாநாள் இரவு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து உயிரியல் ரெக்கார்டில் இருதயம் வரைந்துகொண்டிருந்தாள். இருதயத்தின் ஓரக்கோடு நெளிந்து நெளிந்து போனது. எமல்டா எட்டிப் பார்த்துவிட்டு, "இது இருதயமாட்டி, புளிச்ச இட்லி மாவா? கோடு ஒழுங்கா வராதா?" என்றாள். ஜெமி முறைத்துவிட்டு அழித்தாள், மறுபடியும் வரைந்தாள், மறுபடியும் நெளிந்தது. போன வாரம் தண்ணீர் டம்ளரைக் கீழே போட்டாள். எந்தப் பிள்ளைதான் போடவில்லை? பூப்பந்து விளையாட்டில் இந்த வருஷம் சேரவில்லை, டியூஷன் இருக்கிறது என்றாள், டியூஷனா, அல்லது மட்டை பிடிக்க முடியவில்லையா, பிடிக்க முடியவில்லை என்று சொன்னால் அம்மா அழுவாள் என்று டியூஷன் என்றாளா? நெளிந்த கோடு கண்ணுக்குள் நிற்கிறது. தகட்டில் நகர்ந்த புள்ளியும் அதுவும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுகின்றன. வளர்கிற மூளை. தினமும் ஒரு டம்ளர். ஞாயிற்றுக்கிழமைகூட விட்டுவைக்கவில்லையே பாவி, விடுமுறைக்குக் கன்னியாகுமரி போனபோதுகூட பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போனாயே. கர்த்தாவே, எனக்கு எது வேண்டுமானாலும் வரட்டும், மார்பில் வரட்டும், வயிற்றில் வரட்டும், இன்றைக்கே வரட்டும், அந்தக் கோடு மட்டும் சும்மா பிள்ளைக் கோடாக இருக்கட்டும்.

கரைப்பான்கள் இருக்கிற மேஜைப் பக்கம் கைபேசி கொண்டுவரக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியதே அவள்தான். கைப்பையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டே வீட்டுக்குப் போட்டாள். மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடி போட்டாள்.

"என்னம்மா, குளிச்சிட்டு இருந்தேன்" என்றாள் ஜெமி.

"மக்ளே, ஒரு பேப்பர எடு. பேனா எடு."

"இப்பவா? தலகூடத் தொவட்டல."

"எடுட்டின்னா. நடுவுல ஒரு புள்ளி வச்சு, அதச் சுத்திச் சுத்திக் கொசுவத்திச் சுருள் மாதிரி வரஞ்சிக்கிட்டே வா. கைய மேசையில ஊனாத. வரஞ்சி போட்டோ எடுத்து அனுப்பு."

"எதுக்கு? ஒங்க காலேஜ்ல போட்டியா?"

"அனுப்பு மக்ளே, அம்மா சும்மா கேக்கேன்."

சும்மா என்ற சொல் உடைந்து வெளியே வந்தது, ஜெமிக்கும் கேட்டிருக்கும். காத்திருந்தாள். நரம்பு டாக்டர்கள் இப்படித்தான் வரையச் சொல்வார்கள். நடுங்குகிற கை என்றால் சுருளின் கோடு ரம்பப் பல் மாதிரி வரும். படித்ததெல்லாம் இதற்குத்தான் உபயோகப்பட வேண்டுமா? சொட்டுகள் விழுகின்றன, சோதனைக் குழாய் நிரம்பி வழிகிறது, கை அதை மாற்றவில்லை. கைபேசி ஒரு தடவை அதிர்ந்தது. படத்தைத் திறக்கப் பயந்து கொஞ்ச நேரம் வேப்பமரத்தைப் பார்த்தாள். பிறகு திறந்தாள். சுருள். வழவழவென்று, ஒரு பிசிறு இல்லாமல், நடுவிலிருந்து கிளம்பிச் சுற்றிச் சுற்றி வந்து தாளின் ஓரத்தில் போய் முடிகிற சுருள். அதன் வாலில் ஒரு பாம்புத் தலை, பாம்புக்கு மூக்குக்கண்ணாடி, கீழே அம்மா என்று எழுதியிருந்தாள். எமல்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிப்பு நடுவிலேயே அழுகையாகத் திரும்பியது, அதையும் பொத்திக்கொண்டாள். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். எங்கேயும் பல் இல்லை. இருதயத்தை அசட்டையாக வரைந்திருக்கிறது கழுதை, வேறொன்றும் இல்லை. உடனே கூப்பிட்டாள்.

"நல்லா இருக்கு மக்ளே. ரொம்ப நல்லா இருக்கு. கேளு, நாளையிலேருந்து அந்த எலத் தண்ணி கெடையாது, சரியா? இனும நீ குடிக்க வேண்டாம். அம்மாதான் தப்பாச் சொல்லிட்டேன்."

துண்டால் தலை துவட்டுகிற சரசரப்பு நின்றிருந்தது.

"அம்மா, சொன்னா திட்டக் கூடாது."

"திட்டல."

"நான் குடிக்கதே இல்லம்மா."

"என்னைலேருந்து?"

"மொதல்லேருந்தே. மொத நாள் வாந்தி எடுத்தேம்லா, மறுநாள் அப்பா சைகையில டம்ளர இங்க தள்ளுன்னாங்க. நீங்க மூக்கப் பிடிச்சி, கண்ண இறுக்க மூடிட்டுதான குடிப்பீங்க. நீங்க கண்ணத் தொறக்கதுக்குள்ள அப்பா ரெண்டையும் குடிச்சிருவாங்க. எனக்கே சிரிப்பா வரும், அவ்ளோ வேகம். அம்மாட்ட சொல்லிராத, அழுதுருவான்னாங்க."

ஜெமி இரண்டு மூன்று தடவை அம்மா, அம்மா என்று கூப்பிட்டாள். பிறகு, "ஒங்களக் கூட்டிட்டு வாறேன்னு அப்பா அப்பவே கெளம்பிட்டாங்க, இப்ப வந்துருவாங்க" என்றாள். கைபேசி மடியில் இறங்கியது. ரெண்டையும். தினமும் இரண்டு. இரண்டாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை. அவருடைய வீட்டில் யாருக்கும் ஒன்றும் வந்ததில்லை. அவருடைய அப்பா தொண்ணூறைத் தொட்டுவிட்டு, மதியம் மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழவில்லை, அவ்வளவு சுத்தமான சாவு. எந்தப் பயமும் இல்லாத ரத்தம். அதில் போய் இவளுடைய பயத்தை இரண்டு பங்காக ஊற்றியிருக்கிறாள். இந்த மதியம் முழுக்கத் தன் கையைப் பார்த்தாள், மகள் கையை நினைத்து நினைத்துச் செத்தாள். அந்த மனுஷனின் கையை நினைக்கவே இல்லை. இப்போது நினைத்துப் பார்க்கிறாள், வரவில்லை. அவர் சட்டைப் பொத்தான் போடுவது, சாதம் பிசைவது, வேதபுத்தகத்தில் பக்கம் திருப்புவது, எதுவும் வரவில்லை. அவர் கை எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லையே. கூடவே இருந்த கையை என்னைக்குத்தான் பார்த்தேன்? எதிரே கண்ணாடிக் குழாயில் கரைப்பான் தீர்ந்து, வெள்ளைப் பொடியின் உச்சியில் மெல்லிய வெடிப்பு ஒன்று விழுந்து கீழ்நோக்கி ஓடியது. பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஊற்றவில்லை. கீழே ஸ்கூட்டர் ஹாரன் கேட்டது.

மாடிப்படியில் இறங்கும்போது வெள்ளைக் கோட்டைக் கழற்ற மறந்திருந்தாள். தனசிங் போர்ட்டிகோ நிழலில் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே தலைக்கவசத்தை எடுத்து மடியில் வைத்திருந்தார்.

"என்ன எமி, அதுக்குள்ள முடிஞ்சிட்டா? மொகம் என்ன இப்படி இருக்கு, சாப்பிட்டியா இல்லையா?"

"வண்டிய நிறுத்திட்டு எறங்குங்க."

"எதுக்கு?"

"ஜெமி டம்ளரையும் நீங்கதான் குடிச்சீங்களா?"

தனசிங் கரும்பலகைக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி சிரித்தார். "சொல்லிட்டாளா? புள்ள ஓங்கரிக்கா எமி, பாக்க சகிக்கல. கொட்டிரலாம்னா மனசு வரல. நீ ராத்திரி பகலா படிச்சிக் கண்டுபிடிச்ச சாமானம்லா அது, எப்படிக் கொட்டுகது? எனக்கு என்ன, ரெண்டு குடிச்சா ரெண்டு மடங்கு நல்லதுதான?"

அவளுக்கு ஆயினும் என்ற அந்த ஒற்றை வாக்கியம் முழுசாக நினைவுக்கு வந்தது. அதைத் தமிழில் இவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இவரிடம் அதை ஒருநாளும் சொன்னதில்லை.

"கைய நீட்டுங்க" என்றாள்.

"என்னது, அடிக்கப் போறியா?" தலைக்கவசத்தை ஸ்கூட்டரில் மாட்டிவிட்டு இறங்கி நின்று, சிரித்துக்கொண்டே, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பிரம்புக்கு நீட்டுவதுபோல இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார்.

பார்க்க வேண்டும் என்றுதான் கேட்டாள். நீண்டு வந்ததும் பார்க்க முடியவில்லை. அவை வெளிச்சத்துக்கு வந்து ஒரு கணம் நிற்பதற்குள் எட்டி இரண்டையும் தன் கைகளுக்குள் பிடித்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். "எமி, என்ன இது, வாச்மேன் பாக்கான்" என்றார் அவர். கைகள் நடுங்கின. அவருடையதா, தன்னுடையதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். அவள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.